படித்த படிப்பும் கிடைத்த வேலையும்: தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரம் வரை



படிப்புக்கேற்ற வேலை என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு புதியது. பிறப்புக்கேற்ற வேலை என்பதுதான் இந்த மண்ணின் பழைய சட்டம். அந்தச் சட்டத்தை உடைக்கத்தான் நம் முன்னோர் பள்ளிக்கூடம் கேட்டார்கள், கல்லூரி கேட்டார்கள், உத்தியோகம் கேட்டார்கள். நம் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்ட பிறகும் அந்தப் பழைய சட்டம் எந்தெந்த வழியில் திரும்பி வருகிறது என்பதைத் தென்னார்க்காட்டு வரலாற்றிலிருந்து பார்க்கலாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து தொடங்குவோம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அந்த எல்லைக்குட்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. அந்த ஊர்களில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தப் புனித டேவிட் கோட்டைதான். மதராசுக்கு எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து தப்பி இங்கேதான் வந்து சேர்ந்தார். இங்கேதான் பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பத்தே ஆண்டுகளில் இதே கோட்டைக்கு அதிகாரியாகவும் வந்தார். கணக்கெழுத வந்தவர் ஆளப் போனபோது அவருடைய தகுதியை யாரும் கேட்கவில்லை.

கம்பெனி காலத்தில் வேலை இரண்டாகப் பிரிந்தது. பேனா பிடிக்கும் வேலை துபாஷிகளுக்கும் கணக்கர்களுக்கும் போனது. அவர்கள் எந்தச் சாதிகளிலிருந்து வந்தார்கள் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. சுமை தூக்குவதும், பட்டாளத்தில் நிற்பதும், பங்களாச் சமையற்கட்டும் நமக்கு வந்தன. பின்னால் வந்த வெள்ளைக்காரர் அரசு தேர்வு வைத்து ஆளெடுக்கத் தொடங்கியபோதும் இந்தப் பிரிவினை கலையவில்லை. பேனா பிடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகள்தாம் தேர்வையும் எழுதினார்கள்.

இதை முதலில் துல்லியமாகக் கண்டு சொன்னவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தேச விரோதம் என்று அன்றைக்கு இதை வைதார்கள். பாடப்புத்தகத்தில் இன்றைக்கும் இது கிடையாது. ஆனால் அந்த விண்ணப்பத்தின் தர்க்கம் எளிமையானது. தேர்வு இங்கே நடந்தால் யார் எழுதுவார்கள், யார் தேறுவார்கள், தேறியவர் நம் மீது எப்படி அதிகாரம் செலுத்துவார் என்பதுதான் அது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பதாலேயே தேர்வு நடுநிலையாகிவிடாது. 130 ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்கள் எழுதி வைத்த இந்த உண்மையைச் சமூகவியல் வகுப்பில் வேறு யாரோ ஒருவர் பெயரில் நாம் படித்தோம்.

சிதம்பரத்துக்கு வருவோம். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது என்று கதை சொல்லும் ஊரில், நந்தன் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம். சகஜானந்தரைச் சைவத் துறவி என்று மட்டும் சொல்லி ஒதுக்குகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. சட்டமன்றத்தில் அமர்ந்து நிலம் கேட்டு, விடுதி கேட்டு, படிப்பு கேட்டு அவர் செய்த வேலையைப் பார்த்தால் அந்தக் காவிக்குள் இருந்த அரசியல் தெரியும். இந்தப் பகுதியில் முதன்முதலாக ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் ஆன தலித் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்தப் பள்ளியின் வாசலில்தான் தொடங்குகிறது.

அதே சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. அதே 1929இல்தான் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷனும் சட்டப்படி அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. பட்டம் தரும் இடமும் பதவி தரும் இடமும் ஒரே ஆண்டில் பிறந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நாம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

படித்தவனுக்கு அவன் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தாலும் அதில் நீடிக்க விடுவார்களா என்ற கேள்விக்கு அண்ணலின் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று இல்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசைமீது எறிந்தார்கள். தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பிப் பங்குச்சந்தை ஆலோசனை நிலையம் நடத்தினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். இன்றைய பொருளியலாளர் மொழியில் சொன்னால் அவரிடம் திறன் குறைபாடு இருந்ததாம் என்று நாம் கிண்டலாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

தன் அனுபவத்தை அவர் அரசாணையாக்கினார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 1946இல் அது 12.5 ஆனது. 1944இல் மெட்ரிக் படிப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். படிக்கப் பணமும் படித்தபின் பணியும் ஒரே திட்டத்தின் இரண்டு கைகள். இன்றைக்கு முதல் கை ஓரளவு நீளுகிறது. இரண்டாவது கையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை இரண்டு வழக்குகளில் ரத்து செய்தது. கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லோருக்கும் தெரியும். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அன்றே தீர்ப்பான இன்னொரு வழக்கு வெங்கட்ரமணாவுடையது, மாவட்ட முன்சீப் பதவி பற்றியது. வேலை தொடர்பான வழக்கு அதுதான். அதில் ஆதிதிராவிடருக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் இருந்த ஒதுக்கீடு அரசியலமைப்புக்கு உட்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலையில் நம் உரிமைக்குச் சட்ட அடித்தளம் அன்றே உறுதியானது. அதற்குப் பிறகு நம்மைச் சட்டத்தால் வெளியேற்ற முடியவில்லை. நடைமுறையால் வெளியேற்றினார்கள்.

அந்த நடைமுறைகளில் முதலாவது, "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரி. காட்டுமன்னார்கோயிலிலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஐயா இளையபெருமாள் தலைமையில் 1965இல் மத்திய அரசு குழு அமைத்தது. நாடு முழுவதும் சுற்றி 1969இல் அறிக்கை தந்தார்கள். தீண்டாமை பற்றிய அறிக்கை என்றே எல்லோரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். அதன் பெயரிலேயே கல்வி முன்னேற்றமும் பொருளாதார முன்னேற்றமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1971இல் நம் பங்கு 16லிருந்து 18 விழுக்காடானது. காகிதத்தில் 18. நிரப்பப்படாமல் தள்ளிவைத்த இடங்கள் பின்னடைவுக் காலியிடங்கள் என்ற பெயரில் குவிந்தன. அந்தக் குவியலை நிரப்ப 2000இல் அரசியலமைப்பையே 81ஆவது முறையாகத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு அலுவலகம் தன் சுழற்சிப் பதிவேட்டை ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தத் திருத்தத்துக்குத் தேவையே வந்திருக்காது.

இதற்கிடையில் தேவனாம்பட்டினத்தில் அரசு கலைக் கல்லூரி வந்திருந்தது. இன்று அது பெரியார் பெயரில் இருக்கிறது. கோட்டையின் மிச்சச் சுவரும் கெடிலமும் கடலும் பக்கத்தில். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, புவனகிரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஸ் பாஸோடு வந்து இறங்கிய பிள்ளைகளுக்கும், அந்த மீனவ ஊரின் பிள்ளைகளுக்கும் பட்டம் என்பது கைக்கெட்டும் பொருளானது இதனால்தான். முந்திரிக் கொட்டை உடைத்த காசிலும் கரும்பு வெட்டிய காசிலும் செமஸ்டர் கட்டணம் கட்டினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியதும், வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. முடிக்கலாம் என்ற நம்பிக்கை சேரிவரை வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே பாடப்புத்தகக் கட்டை வைத்துப் படித்த வீடுகள் நமக்குத் தெரியும்.

அந்த முதல் தலைமுறை பட்டத்தோடு வெளியே வந்தபோது என்ன நடந்தது? நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் அந்தக் காலத்தை மறக்க முடியாது. 2001 நவம்பரில் தமிழக அரசு ஆள் எடுப்புக்குத் தடையாணை போட்டது. 2006இல்தான் அது விலகியது. 2003 ஏப்ரல் முதல் புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே உத்தரவில் பணிநீக்கம். அவர்கள் நாற்காலிகளில் வேலையில்லாப் பட்டதாரிகளைத் தொகுப்பூதியத்தில் உட்கார வைத்தார்கள். ஆசிரியர் நியமனமும் தொகுப்பூதியம்தான்: இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. தாத்தா காலத்திலும் அப்பா காலத்திலும் பத்தாம் வகுப்போடு அரசு வேலைக்குப் போன மேல்சாதிக் குடும்பங்களுக்கு அந்த ஐந்தாண்டு ஒரு இடைவெளி. நமக்கு அது ஒரு தலைமுறை. வயது வரம்பு தாண்டியவர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். மேஸ்திரி வேலைக்குப் போன எம்.ஏ.க்களின் பட்டங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

பட்டமே செல்லாது என்ற செய்தி பிறகு வந்தது. முதல் பட்டம் படிக்காமல் திறந்தவெளி முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் பணிக்குத் தகுதியாகாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள்தாம் அந்த வழியில் அதிகம் நுழைந்தார்கள். அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் அங்கீகாரம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. கட்டணம் வாங்கியபோது அமைதியாக இருந்தவர்கள், வகுப்பு நடந்தபோதும் அமைதியாக இருந்தவர்கள், ஏழாண்டு கழித்து வாய் திறந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் இடையிலான சட்டச் சிக்கலில் இரண்டு தரப்புக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மாணவனுக்கு?

அந்தப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் விழுந்து 2013இல் தனிச்சட்டம் மூலம் அரசு வசமானது. உபரிப் பணியாளர் ஆயிரக்கணக்கில் இருப்பதாகக் கணக்கெடுத்து, அவர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பினார்கள். வேலையிழப்பைத் தவிர்த்தது நியாயமே. அங்கே வேலை பார்த்த நம் ஆட்களும் அதனால் பிழைத்தார்கள். ஆனால் அப்படி நிரம்பிய காலியிடங்கள் நேரடி நியமனத்துக்கு வரவில்லை. நேரடி நியமனம் இல்லாத இடத்தில் 18 விழுக்காட்டுக்கும் வேலை இல்லை. ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் கோளாறுக்கு, அந்த நிறுவனத்தில் காலே வைக்காத ஒரு பிஎச்.டி. மாணவர் விலை கொடுத்தார்.

ஆசிரியர் வேலை நம் குடும்பங்களின் பெரிய கனவு, குறிப்பாகப் பெண்களுக்கு. 2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர் தேறினார்கள். பட்டியல் சாதியினருக்கு மதிப்பெண் தளர்வு தர மாநிலங்களுக்கு அனுமதி இருந்தும், தமிழ்நாடு 2014 பிப்ரவரி வரை தரவில்லை. சமூக நீதியின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில் நடந்ததுதான் இது. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018இல் அரசாணை 149 வந்தது. ஒரு கதவைத் திறந்தால் பின்னால் இன்னொரு கதவு.

கல்லூரிகளிலோ கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் மட்டும் கௌரவம். முதுகலை, நெட் அல்லது பிஎச்.டி. எல்லாம் முடித்தவருக்கு மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். மானியக் குழு 2019இல் 50,000 வரை தரலாம் என்றது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. குறித்த தேதியில் தேர்வு நடக்கவில்லை, தள்ளிப்போனது. படிப்புக்கேற்ற வேலை இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பாடம் நடத்துகிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். கிடைக்காதது அந்த வேலைக்கேற்ற சம்பளமும் நாளைக்கும் வேலை இருக்கும் என்ற உறுதியும். மத்திய அரசில் 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு என்று பழைய ஆணை இருக்கிறது. எத்தனை அலுவலகங்கள் அதைப் பிரித்துப் பார்த்திருக்கின்றன?

இனி குரூப் 4. குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. 2022இல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு, சுமார் 22 லட்சம் விண்ணப்பம். 2024இல் 6,244 இடங்களுக்கு சுமார் 20 லட்சம். எழுதியவர்களில் பட்டதாரிகள், முதுகலைப் பட்டதாரிகள், பொறியாளர்கள் நிறையப் பேர். ரொனால்டு டோர் என்ற சமூகவியலாளர் 1976இல் இதைப் பட்டய நோய் என்றார். இலங்கை அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று. வேலை குறைவாகவும் படித்தவர் அதிகமாகவும் இருக்கும் நாட்டில், அதே வேலைக்குக் கேட்கும் படிப்பு ஏறிக்கொண்டே போகும் என்பது அவர் கண்டது. 1971இல் இலங்கையில் படித்த சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்த ஆண்டிலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு ஓர் அறிக்கை தந்தது. இருக்கும் வேலையும் இளைஞரின் எதிர்பார்ப்பும் பொருந்தவில்லை என்பது அதன் மையம். இந்த வாதத்தை நம் ஊரில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், கைத்தொழில் கற்க வேண்டும் என்று உபதேசிக்கிறார்கள். நம் தாத்தாக்களிடம் ஏற்கெனவே கைத்தொழில் இருந்தது. அதிலிருந்து வெளியேறத்தான் இவ்வளவு பாடும். திறன் பயிற்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நம் மாணவர்கள் பயன் பெறட்டும். ஆனால் குறை மாணவனின் கையில் மட்டும் இருப்பதாகச் சொல்வதை ஏற்க முடியாது.

தனியாரிடம் போனால்? சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி, 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவரோடு ஒப்பிட, தலித் பெயர் கொண்டவருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆள் நேரில் போகவே இல்லை, வெறும் பெயர். அமெரிக்காவில் கறுப்பினத்தார் பெயர்களை வைத்துச் செய்த ஆய்விலும் 2004இல் இதே கதை வந்தது. நேர்முகத்துக்குப் போனால் குடும்பப் பின்னணி கேட்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்பது நம் ஊரில் சாதாரண விசாரிப்பு அல்ல.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. காற்றின் நாற்றம் குடிகாட்டுக்கு, மேலாளர் பதவி வேறு ஊருக்கு. வேதியியல் பட்டதாரி ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு டிரம் உருட்டுவதை நாம் பார்க்கிறோம். நெய்வேலியில் 2022இல் 299 பட்டதாரிப் பயிற்சி அதிகாரி இடங்களுக்கு கேட் மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்தார்கள். தேர்வுப் பட்டியலில் தமிழ்நாட்டவர் அரிதிலும் அரிது என்று எல்லாக் கட்சியும் குரல் கொடுத்தது. அந்தக் குரல்களில் தமிழர் இருந்தார்கள், நிலம் கொடுத்தவர் இருந்தார்கள். நிலமே இல்லாததால் கொடுத்தவர் பட்டியலிலும் வராத சேரிக் கூலிகளின் பிள்ளைகளைத்தான் காணவில்லை.

இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்குப் பொறியாளர்களும் எம்.பி.ஏ.க்களும் உட்பட 4,600 பேர் விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 இடங்களுக்குச் சுமார் 7,000 பேர். பட்டதாரி துடைப்பம் பிடிப்பதா என்று ஊடகங்கள் அழுதன. துடைப்பம் நூறாண்டாக யார் கையில் இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. நிரந்தரம், 15,700 ரூபாய் தொடக்கச் சம்பளம் என்றதும் அது எல்லோருக்குமான அரசு வேலையாகிவிட்டது. ஒப்பந்தம், தினக்கூலி, மலக்குழி என்று இருக்கும்வரை அது நம் வேலை. அந்த 7,000 பேரில் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் குப்பை அள்ளிக்கொண்டே பட்டம் முடித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் படிப்புக்கேற்ற வேலையைக் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒரு நியமன ஆணை கேட்டார்கள்.

2021–22இல் தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போவோர் விகிதம் 47 விழுக்காடாக இருந்தது, அகில இந்திய அளவில் 28. இது நம் இயக்கங்களும் சேர்ந்து சாதித்தது. இதைக் குறைத்துப் பேச வேண்டாம். பட்டதாரிக்கு அரசு தரும் வேலையில்லா உதவித்தொகை மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்றாண்டுக்கு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறோம். ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் 200 புள்ளிச் சுழற்சிப் பதிவேடு இருக்க வேண்டும். எந்த எண்ணில் யார், எந்த ஆண்டில் நியமனம், எந்த இடம் காலி என்று அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். பத்து ரூபாய் முத்திரைவில்லை ஒட்டினால் போதும். நீங்கள் படிக்கும் துறையிலிருந்தே தொடங்குங்கள். தொகுப்பூதிய நியமனங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள், "பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கடலூர் மாவட்டத்திலிருந்து வரும் பதில்களை இந்த அமைப்பின் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து அட்டவணை போடுவோம்.